திரைக்கதை நடுவில் நின்றுவிட்டால்

திரைக்கதை நடுவில் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் கற்பனை வற்றியது காரணமன்று. அந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும், அதை யார் மறிக்கிறார் என்பது எழுதுபவருக்கே தெளிவாகாததுதான் காரணம். அத்தகைய வேளையில் உரையாடலை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, கண்ணால் காணக்கூடியதையும் காதால் கேட்கக்கூடியதையும் மட்டும் எழுதிப் பாருங்கள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டமொன்றில், பறித்த கொழுந்தை நிறுக்கும் இடத்தில் நடக்கும் காட்சி என்று வைத்துக்கொள்வோம்: முழுப் பேருக்குரிய, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்குரிய, நிறை தேறுமா என்று தராசையே பார்த்து நிற்கும் பெண், ஈரத்துக்கென்று சில கிலோவைக் கழித்து எழுதும் கணக்கப்பிள்ளை, மழைக்கு முன் லயத்துக்கு, அதாவது தங்கள் வரிசை வீடுகளுக்கு, திரும்பத் துடிக்கும் மற்றவர்கள் என மூன்று விருப்பங்கள் மோதும்போது, ஒரு சொல்லும் பேசப்படாமலே காட்சி நகரத் தொடங்கும். வசனத்தை அதன் பின்னரே சேருங்கள். எழுத எண்ணியிருந்ததில் பாதி தேவையற்றதாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

காட்சிகளை வரிசைப்படி எழுத வேண்டியதுமில்லை. கதை மலையக நகரான ஹட்டனின் ரயில் நிலையத்தில் முடியும் என்று தெரிந்தால் அங்கிருந்தே பின்னோக்கி எழுதலாம். வழக்கமான திரைக்கதை வடிவில் ஒரு பக்கம் ஏறத்தாழ 1 நிமிடத் திரைநேரம் என்பதால், நாளுக்கு ஒரு பக்கம் எழுதினாலே போதுமானது. எழுதியதை உரக்க வாசித்து, தோட்டத்துப் பேச்சோடு ஒட்டாத வரியை உடனே மாற்றிவிடுங்கள்.