மூத்த பிள்ளையோடு தனியாக ஒரு நாள்: நாம் செய்துவிடும் தவறுகள்

தாய்ப்பாலை மறக்கும் முன்பே அடுத்த பிள்ளை வந்துவிட, மெலிந்து சிணுங்கிக்கொண்டு நிற்கும் குழந்தையைச் சவலைப் பிள்ளை என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இன்றைய கானா நாட்டில் பேசப்படும் கா மொழியிலும் இதற்கு ஒரு சொல் இருந்தது. அடுத்த பிள்ளை பிறந்ததும் முந்தைய பிள்ளையைப் பிடிக்கும் நோய் என்று பொருள்படும் ‘குவாஷியார்கர்’ என்ற அந்தச் சொல்லை, அங்கே பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1935-ல் மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தார். இன்று நம்மில் பலர் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை என்றாலும், ஏக்கம் மட்டும் மாறவில்லை. நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவதும், விரல் சூப்புவதும், ஐந்து வயதுப் பிள்ளை பால் புட்டி கேட்டு அடம்பிடிப்பதும் அதன் வழக்கமான அடையாளங்கள். பெரியவளை மட்டும் வெளியே அழைத்துப் போகும் ஒரு நாள் இந்த ஏக்கத்துக்கு மிகவும் நல்லது; ஆனால் அந்த நாளையே கெடுத்துக்கொள்ளும் வழிகளும் பல உண்டு.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது, அப்பாவோ மாமாவோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதும், அம்மா கைக்குழந்தையோடு வாசலில் நின்று கையசைப்பதும்தான். அப்பாவோடு போவது பிள்ளைக்குப் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவள் இழந்திருப்பது அம்மாவின் அருகாமையை என்றால், அம்மாவிடமிருந்து இன்னும் சற்றுத் தள்ளி அனுப்பிவிட்டார்கள் என்றே அதை எடுத்துக்கொள்வாள். யாருடைய நேரம் குறைந்துபோனதோ அவரோடு போக வேண்டும்.

பால் குடிக்கும் குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்ற கேள்வி எழும். பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்கும் என்பதால், முழு நாளை ஒதுக்க நினைப்பதே தவறு; ஒரு முறை வயிறு நிறையக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் கிடைக்கும் இரண்டரை, மூன்று மணி நேரம் போதும். அதற்குள் பசித்தால் கொடுப்பதற்குப் பாலை எடுத்து வைத்துப் போகலாம். நம் ஊர் வெயிலில் அதை வெளியே விடாமல் உடனே குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். கொடுக்கும்போது அடுப்பில் ஏற்றாமல், வெந்நீரில் கிண்ணத்தை வைத்துக் குளிர் போக்கி, குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடையால் புகட்டலாம். பாட்டிக்குப் பாலாடை பழகிய பொருள் என்பதால் அவரும் தயங்க மாட்டார். அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. கிளம்பிய பிறகும் மூத்த பிள்ளையைத் தூக்க முடியாது என்பதால், நடை குறைந்த இடமாகப் பார்க்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் தவறினேன். பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில், மகளை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்தேன். அறுநூறு ஹெக்டேர் அளவுக்குப் பரந்த இடம் அது. பிள்ளை பெற்று இரண்டு மாதமே ஆனவள் சுற்றிவரக் கூடியதன்று. அதைவிட மோசமாக, கூட்டம் குறைவாக இருக்கும் என்று நான் தேர்ந்தெடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. பூங்காவுக்கு வார விடுமுறையே செவ்வாய்தான். பூட்டிய வாயிலின் முன் நின்று என் மகள் கேட்டாள்: “தம்பி பொறந்ததாலதான் மூடிட்டாங்களாம்மா?” அந்த வயதில் வீட்டில் மாறிப்போன எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றாகவே தெரிகிறது. வார விடுமுறையை விசாரித்துக்கொள்வது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

அன்று வேறு வழியின்றி வண்டலூர் நிலையத்தில் புறநகர் ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டியில் சன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் உட்காராமல் என் முழங்காலைத் தொட்டபடி, “இன்னிக்கு மடி எனக்குத்தானே?” என்றாள். வயிற்றுத் தையல் மேல் துப்பட்டாவை மடித்து வைத்து, அவளைப் பக்கவாட்டில் உட்கார வைத்துக்கொண்டேன். கிண்டி வரும்வரை இருவரும் அதிகம் பேசவில்லை.

பேசாமல் இருப்பதும் வேண்டும். தனியாகக் கிடைத்த நேரம் என்பதற்காக, “நீதான் பெரியவள், தம்பியை அடிக்கக் கூடாது, அம்மாவுக்கு உதவியாக இருக்க வேண்டும்” என்று புத்தி சொல்லத் தொடங்கினால், அந்த நாளும் தம்பியுடையதாகவே ஆகிவிடும். தம்பியைப் பற்றி அவளாகப் பேசினால் கேட்டுக்கொள்ளலாம். அவனைப் பிடிக்கவில்லை என்று சொன்னால்கூட மறுக்க வேண்டாம். “ஆமாம், அவன் வந்த பிறகு உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது” என்று ஒப்புக்கொள்வது எந்தப் புத்திமதியையும் விட அவளை ஆற்றும். அரைமணிக்கு ஒரு முறை வீட்டுக்குத் தொலைபேசி செய்து குழந்தை தூங்கினானா என்று கேட்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம். அவசரம் என்றால் மட்டும் அழைக்குமாறு வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இந்த நாளைப் பரிசாக்கவும் கூடாது. தம்பியைக் கிள்ளாமல் இருந்தால் கூட்டிப் போவேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், கிள்ளிய வாரத்தில் அம்மா கிடையாது என்றாகிவிடும். கிள்ளிய வாரத்தில்தான் பிள்ளைக்கு அம்மா அதிகம் தேவைப்படுகிறாள்.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டிய இடம் வீடு திரும்பும் வாசல். உள்ளே நுழையும்போதே கைக்குழந்தை அழும், மார்பும் கனத்திருக்கும். பிள்ளையின் கையை உதறிவிட்டு ஓடத்தான் தோன்றும். அதற்கு முன்பே, ரயிலை விட்டு இறங்கியதும், வீட்டுக்குப் போனதும் தம்பிக்குப் பால் கொடுப்பேன், அப்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததையெல்லாம் பாட்டிக்குச் சொல்லலாம் என்று சொல்லிவையுங்கள். “அக்கா ஊர் சுற்றி வந்தாள், தம்பி பாவம் அழுதான்” என்று கேலி பேசும் உறவினரை அந்த நேரத்தில் தடுத்துவிடுங்கள். இரவு படுக்கும் முன், அடுத்த முறை எந்தக் கிழமை என்பதை அவள் கையாலேயே நாட்காட்டியில் வட்டமிடச் சொல்லுங்கள். எவ்வளவு வேலை வந்தாலும் அந்தத் தேதியை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், புதிய தேதியையும் அவளே வட்டமிடட்டும்.