இலவசம் என்று போட்டால் பிள்ளைகள் வந்துவிடுவார்களா? தாராவி கோடை வகுப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாராவியில் கோடை வகுப்பு நடத்த வருகிறவர்கள் முதலில் தேடுவது பணம், இடம், ஆசிரியர். மூன்றும் எப்படியோ கிடைத்துவிடும். ஆனாலும் மே இரண்டாம் வாரம் பாய் பாதி காலியாகக் கிடக்கும். கட்டணம் இல்லாததால் கூட்டம் வரும் என்ற கணக்கே தப்பு. வகுப்பின் தேதியும் நேரமும் அந்த வீட்டுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இருப்பதிலேயே பெரிய தவறு, தேதியை ஏப்ரலில் அறிவிப்பது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தவை. பள்ளி மூடினால் ஊர்தான். கோயில் கொடை, கல்யாணம் எல்லாம் அப்போதுதான் வரும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்பு தொடங்குகிறது. மே 5 கிளம்ப நினைப்பவர் மார்ச் 6 காலை 8 மணிக்கே டிக்கெட்டுக்கு உட்கார்ந்துவிடுவார். ஆகவே பிப்ரவரியிலேயே வீடு வீடாகப் போய், "எப்ப ஊருக்குப் போறீங்க, எப்ப வருவீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகாதவர்களுக்கு மே முழுவதும் ஒரு தவணை, திரும்பியவர்களுக்கு ஜூன் நடுவில் பள்ளி திறக்கும் வரை இன்னொன்று. இரண்டாவது தவணை குறுகியது, அதில் வாசிப்பு மட்டும் போதும். மும்பையில் மழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் இறங்கும், கூரை ஒழுகுமா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். குழாயில் தண்ணீர் வரும் நேரம் சந்துக்குச் சந்து மாறும். அந்த நேரத்தில் வகுப்பு வைத்தால் குடம் பிடிக்கிற பெண் பிள்ளைகள்தான் முதலில் நின்றுபோவார்கள். பையன்கள் வந்துகொண்டிருப்பதால் நமக்கு அது உறைக்காது. வருகைப் பதிவை இருபாலருக்கும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். அம்மா வேலைக்குப் போய்விட்டால் மூன்று வயதுத் தம்பி அக்கா பொறுப்பு. 'சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வராதீர்கள்' என்று சொன்னால் அக்காவும் வரமாட்டாள். மூலையில் ஒரு பாய், நாலு விளையாட்டுச் சாமான், பார்த்துக்கொள்ள ஓர் ஆள், அவ்வளவுதான் செலவு. தகரக் கூரை என்றால் 11 மணிக்கு மேல் இழுக்காதீர்கள், அந்த வெக்கையில் எதுவும் மண்டையில் ஏறாது.

ஆங்கில கூகுள் படிவமும் ஆதார் நகலும் தேவையே இல்லை. பெயர், வகுப்பு, பகலில் எடுக்கிற போன் நம்பர் போதும். அப்பா நம்பரை மட்டும் வாங்கினால் தகவல் அவர் பட்டறையோடு நின்றுவிடும்.

அமெரிக்காவில் பாஸ்டன், டல்லஸ் உள்ளிட்ட 5 நகரங்களின் இலவசக் கோடை வகுப்புகளை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தது. பதிந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஒரு நாள்கூட எட்டிப்பார்க்கவில்லை. ஐந்து வார வகுப்பில் 20 நாளாவது வந்தவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. எனவே 30 பேருக்கு இடமிருந்தால் 38 பேரைப் பதியுங்கள். இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் யாராவது போய்வர வேண்டும். பத்து நாள் ஆட்டம் பாட்டம் நடத்திவிட்டு 'கற்றல் உயர்ந்தது' என்று அறிக்கை எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

வயதைப் பார்த்துக் குழு பிரிப்பதும் வேண்டாம். மும்பைக் குடிசைப் பகுதிகளில் 1995இல் தொடங்கிய பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பின்னாளில் பரப்பிய வழி சுலபம். எழுத்து, சொல், பத்தி, கதை என்று வரிசையாக வாசிக்கச் சொல்லி, எங்கே தடுக்குகிறதோ அங்கிருந்து தொடங்குவது. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஆகும். மாநகராட்சிப் பள்ளிகள் தமிழ் உட்பட 8 மொழிகளில் நடக்கின்றன. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை ஆங்கில வழியில் படித்தால் 'அ' கூடத் தெரியாமல் இருக்கலாம். பள்ளியில் எந்த மொழியோ அதிலேயே சோதியுங்கள்.

வெளியே கூட்டிப்போக ஒர்லி போன்ற தூரத்து இடங்களுக்கு பஸ் பிடிக்க வேண்டியதில்லை. குப்பைமேடாக இருந்து மரக்காடான மகாராஷ்டிரா நேச்சர் பார்க், சுமார் 37 ஏக்கர், தாராவி பஸ் டெப்போ எதிரிலேயே இருக்கிறது. முன்கூட்டியே பேசி அனுமதி வாங்குங்கள். சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டைக் கடப்பதுதான் சிக்கல், பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவராவது கூட இருக்க வேண்டும்.