தோல் துளை வேறு, தமனித் துளை வேறு: தொடை இடுக்கில் ஊசி இறக்கப் பழகுபவர்களுக்கு

டர்பனில் நான் வேலை செய்யும் பிரிவுக்கு சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து தாத்தா பாட்டிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பல வருடச் சர்க்கரை, ஆறாத புண், கறுத்துப்போன விரல். காலை வெட்டாமல் காப்பாற்ற, அடைபட்ட தமனியைப் பலூன் வைத்துத் திறக்கிறோம். புதிதாக வரும் டாக்டர்கள் பலூனையும் ஸ்டென்டையும் பற்றி நிறையப் படித்துவிட்டு வருகிறார்கள். பலூன் உள்ளே போவதற்காக முதலில் தொடை இடுக்குத் தமனியில் ஊசி இறங்கும் இடத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. இந்தப் பதிவு அதற்குத்தான். சீனியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்து பழகுங்கள். மரத்துப்போகும் ஊசி, ஒயர் மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எலும்பைத் தேடுங்கள்

தோல் மடிப்பை நம்பவே நம்பாதீர்கள். தொப்பை உள்ளவர்களுக்கு அது கீழே இறங்கியிருக்கும். இடுப்பெலும்பின் முன் முனையிலிருந்து அடிவயிற்றுக்குக் கீழுள்ள பியூபிஸ் எலும்பின் முடிச்சு வரை ஓடும் இங்குவைனல் லிகமென்ட் என்ற நார்தான் மேல் எல்லை. தொடை இடுக்கில் ஓடும் காமன் ஃபீமரல் தமனி, மேலோட்டத் தமனி, ஆழ்தொடைத் தமனி என்று இரண்டாகப் பிரியும் இடம் கீழ் எல்லை. நடுவில் இருப்பது சில சென்டிமீட்டர்தான். அதன் பின்னால் தொடை எலும்பின் தலை இருப்பதால், பிறகு அழுத்தும்போது தமனி எலும்பின்மேல் நசுங்கி ரத்தம் நிற்கும்.

லிகமென்ட்டுக்கு மேலே தமனியைக் குத்தினால் ரத்தம் வயிற்றின் பின்பக்கம் கசியும். வெளியே வீக்கமே தெரியாது. இடுப்பு வலியும் ரத்த அழுத்தம் இறங்குவதும்தான் அறிகுறி. பிரியும் இடத்துக்குக் கீழே குத்தினால் அழுத்துவதற்கு எலும்பு கிடையாது, வெறும் தசைதான்.

2. ப்ரோபை வையுங்கள்

அல்ட்ராசவுண்டின் லீனியர் ப்ரோபைத் தோலில் குறுக்காக வைத்து லேசாக அழுத்துங்கள். நசுங்குவது சிரை, துடித்துக்கொண்டு நிற்பது தமனி. சிரை உள்பக்கம், நரம்பு வெளிப்பக்கம். தமனி இரண்டாகும் இடம் வரை கீழே போய், அங்கிருந்து மெல்ல மேலே வாருங்கள். இரண்டும் ஒன்றாகி, பின்னால் எலும்புத் தலையின் வெள்ளை வளைவு தெரியும் இடமே உங்கள் இடம். முன்சுவரில் சுண்ணாம்புப் படிவு இருந்தால் கொஞ்சம் நகருங்கள்.

நாடியைத் தொட்டுப் பார்த்தே குத்துவேன் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2010இல் வெளிவந்த ஃபௌஸ்ட் (FAUST) ஆய்வில் முதல் குத்திலேயே தமனி கிடைத்தது அல்ட்ராசவுண்டில் 83 சதவீதம் பேருக்கு. அது இல்லாமல் 46 சதவீதம்தான்.

3. இங்கேதான் நான் தவறினேன்

பயிற்சிக் காலத்தில் ஒரு தாத்தாவுக்குக் காலை நோக்கிக் கீழ்முகமாக ஊசி போட்டேன். ப்ரோபில் சரியான இடத்தைப் பார்த்துவிட்டேன். அதற்கு நேர் மேலே தோலில் குத்தி, ஊசியைச் சாய்த்து இறக்கினேன். சாய்ந்து போகும் ஊசி நேர் கீழே போய்ச் சேருமா? அது பிரியும் இடத்தையும் தாண்டிப் போய்த் தொடையின் மேலோட்டத் தமனியில் நுழைந்தது. மறுநாள் காலை எலுமிச்சம்பழ அளவில் துடிக்கும் வீக்கம். சுவர் மூடாமல் வெளியே ரத்தப் பை கட்டியிருந்தது. ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் ஊசியால் அடைத்தோம். கட்டிலில் படுத்தபடி அவர் கேட்டது ஒன்றுதான்: "தைப்பூசத்துக்கு நடந்துடுவேனா, டாக்டர்?" அவர் முகம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

கணக்கு எளிது. தமனி 4 செ.மீ. ஆழத்தில் இருந்து, ஊசியை 45 டிகிரி சாய்த்தால், தோலில் குத்த வேண்டியது தமனி இடத்துக்கு 4 செ.மீ. மேலே. அது லிகமென்ட்டுக்கு மேலே போனாலும் பயப்பட வேண்டாம். தமனியில் நுழையும் புள்ளி லிகமென்ட்டுக்குக் கீழே இருந்தால் போதும். ஆழத்தைத் திரையிலேயே அளந்துவிடுங்கள். திரையில் தெரியும் வெள்ளைப் புள்ளி ஊசி முனையா, நடுத்தண்டா என்று ப்ரோபை ஆட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

4. சின்ன ஊசி, பிறகு படம்

மெல்லிய ஊசியும் ஒயரும் கொண்ட மைக்ரோபங்சர் செட் இல்லாமல் நான் தொடங்குவதே இல்லை. 21 கேஜ் ஊசியின் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பலூன் போக வழிவிடும் குழாயான 6 ஃப்ரெஞ்ச் ஷீத்துக்கு உள்விட்டமே 2 மி.மீ. அதனால் ஷீத் போடும் முன், எக்ஸ்ரே கருவியை அதே பக்கம் சாய்த்து, சாயம் விட்டு ஒரு படம் எடுங்கள். தமனி பிரியும் இடம் விரிந்து தெரியும். இடம் தவறா? எடுத்துவிட்டு அழுத்துங்கள், மறுபடி குத்துங்கள். ஒயர் ஆழ்தொடைத் தமனிக்குள் போயிருந்தாலும் இந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: தொப்பை மறைத்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அகலப் பிளாஸ்டரால் மேலே இழுத்து ஒட்டுங்கள். அப்படியும் கோணம் கிடைக்காவிட்டால் மறுகால் இடுக்கில் குத்தி, அங்கிருந்து சுற்றி வருவதே நல்லது.

இன்னொன்று: எல்லாம் சரியாகச் செய்தும் ரத்தக்கட்டு வந்தது என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். எங்கே அழுத்தினீர்கள் என்று கேட்டேன். தோல் துளையின்மேல் என்றார். கீழ்முக ஊசியில் தமனித் துளை அதற்கும் கீழே இருக்கிறது, அழுத்த வேண்டியது அங்கே. இப்போதெல்லாம் குத்தும் முன்பே, ப்ரோப் காட்டும் தமனிப் புள்ளிக்கு நேராகத் தோலில் மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுகிறேன். ஷீத்தை எடுக்கும் நர்ஸ் அக்காவிடமும் அந்தக் குறியைக் காட்டிவிட்டுத்தான் கையுறையைக் கழற்றுகிறேன்.