பாளையங்கோட்டையில் இருந்தபடியே ஸ்க்ரம் சான்றிதழ்: புதியவர்களுக்கு ஒரு வழி

கல்லூரி முடித்த தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, ஸ்க்ரம் மாஸ்டர் கோர்ஸ் எங்க சேரலாம்? எவ்வளவு ஆகும்?" நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் படியுங்கள், அப்புறம் ஒரு சின்ன வேலையில் செய்து பாருங்கள், பணம் கட்டுவது கடைசியில். நான் இந்த வரிசையை மாற்றிச் செய்து முதல் முறை தோற்றவன். அந்தப் பணமும் இரண்டு மாதமும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எது எதுவென்று பிரித்துக்கொள்ளுங்கள்

அஜைல் என்பது வேலையைப் பார்க்கும் ஒரு முறை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 மென்பொருள்காரர்கள் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். அதில் நான்கு மதிப்புகள், 12 கொள்கைகள். போட்ட திட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது பெரிது என்பது அந்த நான்கில் ஒன்று. ஒரு வருடம் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் கட்டி முடிக்காமல், கொஞ்சம் செய்து, பயன்படுத்துகிறவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டு, அடுத்த கொஞ்சத்தைச் செய்வதுதான் இதன் சாரம்.

ஸ்க்ரம் அந்த முறைக்குள் வரும் ஒரு சட்டகம். கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லேண்ட் இருவரும் வகுத்தது. கான்பான் போன்ற வேறு வழிகளும் உண்டு. ஆனால் புதியவர்கள் ஸ்க்ரமில் தொடங்குவதுதான் எளிது.

படி 2: ஸ்க்ரம் கைடை மூன்று முறை படியுங்கள்

ஸ்க்ரமின் விதிகளை அந்த இருவரே எழுதிய கையேடு இது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, 15 பக்கம்கூட இல்லை. 2020 நவம்பரில் வந்த பதிப்புதான் இப்போது நடப்பில் இருப்பது. முதல் முறை கதை மாதிரி வாசியுங்கள். இரண்டாம் முறை ஒரு நோட்டில் தமிழிலேயே குறிப்பெடுங்கள். மூன்றாம் முறை ஒவ்வொரு நிகழ்வுக்கும் எவ்வளவு நேரம், யார் பொறுப்பு என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் நோட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை: ஸ்பிரிண்ட், அதாவது ஓர் இலக்கை வைத்துக் குழு வேலை செய்யும் குறுகிய காலம், ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு மாத ஸ்பிரிண்டுக்குத் திட்டமிடும் கூட்டம் அதிகபட்சம் 8 மணி நேரம், ரிவியூ (செய்ததைக் காட்டிக் கருத்துக் கேட்பது) 4 மணி நேரம், ரெட்ரோஸ்பெக்டிவ் (குழு தன் வேலை முறையைத் திரும்பிப் பார்ப்பது) 3 மணி நேரம். தினமும் கூடிப் பேசும் டெய்லி ஸ்க்ரம் 15 நிமிடம். பொறுப்புகள் மூன்று: புராடக்ட் ஓனர் (எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பவர்), ஸ்க்ரம் மாஸ்டர் (ஸ்க்ரம் ஒழுங்காக நடக்க உதவுபவர்), டெவலப்பர்கள் (வேலையைச் செய்து முடிப்பவர்கள்). குழுவில் பொதுவாக 10 பேர் அல்லது அதற்கும் குறைவு.

பழைய வீடியோக்களிலும் பழைய நோட்ஸ்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. "நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், தடை ஏதும் உண்டா" என்ற மூன்று கேள்விகளை டெய்லி ஸ்க்ரமின் விதியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். 2020 பதிப்பில் அது எடுக்கப்பட்டுவிட்டது. புராடக்ட் கோல், அதாவது செய்யும் பொருளுக்கான நீண்டகால இலக்கு, புதிதாகச் சேர்ந்தது. அதனால் எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் அது எந்தப் பதிப்பை வைத்து எடுத்தது என்று முதலில் பாருங்கள்.

படி 3: நிஜ ஆள் ஒருவருக்காக மூன்று ஸ்பிரிண்ட் ஓட்டுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியம்.

என் சித்தி மகளும் அவள் தோழிகள் இருவரும் போன வருடம் இப்படிச் செய்தார்கள். தோழிகளில் ஒருத்தியின் வீடு பத்தமடையில். அவளுடைய உம்மா கோரைப் பாய் நெய்பவர். மணமக்கள் பெயர் போட்ட கல்யாணப் பாய்களும் நெய்து தருவார். ஆர்டர் எல்லாம் போனில்தான் வரும். பெயரைச் சத்தம் போட்டுச் சொல்வார்கள், இவர் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொள்வார். "ந"வா "ன"வா என்ற குழப்பம் வந்தால், நெய்த பாயைப் பிரித்துத் திருத்தவா முடியும்? ஆர்டர் வாங்க ஒரு எளிய பக்கம் செய்வது என்று மூவரும் முடிவெடுத்தார்கள்.

பத்தமடைப் பெண் புராடக்ட் ஓனர். இன்னொருத்தி ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பராகவும் இருந்தாள். ஒருவரே இரண்டு பொறுப்பையும் வைத்துக்கொள்ள ஸ்க்ரமில் தடை இல்லை. ஸ்பிரிண்ட் ஒரு வாரம். செய்ய வேண்டியதையெல்லாம் கூகுள் ஷீட்டில் வரிசையாக எழுதினார்கள். அதுதான் புராடக்ட் பேக்லாக். அதன் முதல் வரி இது:

"கல்யாணப் பாய் வாங்குபவராக, மணமக்கள் பெயரை நானே தட்டச்சு செய்து, பாயில் எப்படி வரும் என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும், பெயர் பிழையாக நெய்யப்படக் கூடாது."

இப்படி எழுதுவதை யூசர் ஸ்டோரி என்பார்கள். யாருக்கு, என்ன, எதற்கு என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. (யூசர் ஸ்டோரி ஸ்க்ரம் கைடில் கிடையாது. பழக்கத்தில் வந்தது. தேர்வில் இதைக் கேட்டால் கட்டாயம் என்று குறிக்காதீர்கள்.) எதை "முடிந்தது" என்று சொல்வது என்பதையும் அன்றே எழுதினார்கள்: செல்போனில் திறக்க வேண்டும், தமிழ் எழுத்து உடையாமல் தெரிய வேண்டும், உறுதிசெய்த பெயர் ஷீட்டில் தானாகச் சேர வேண்டும். டெஃபினிஷன் ஆஃப் டன் என்பது இதுதான்.

சனிக்கிழமை ரிவியூ. உம்மாவிடம் போனைக் கொடுத்தார்கள். அவர் பெயர்ப் பெட்டியில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "பேரெல்லாம் சரிதாம்மா. கல்யாணத் தேதி என்னைக்குன்னு மொதல்ல கேளுங்க. நாள் தெரியாம நான் கோரையவே தொட மாட்டேன்."

பேக்லாக்கில் தேதி ஏழாவது வரியில் இருந்தது. அன்று இரவே புராடக்ட் ஓனர் அதை மேலே ஏற்றினாள். அடுத்த ஸ்பிரிண்டில் முதலில் தேதி, அந்த நாளுக்குள் முடியாது என்றால் ஆர்டரே ஏற்காத ஒரு சரிபார்ப்பு, அப்புறம்தான் பெயர் என்று பக்கம் மாறியது. ரிவியூ எதற்கு, பேக்லாக்கை ஏன் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வரிசையை முடிவு செய்வது யார் என்று மூன்று பெண்களுக்கும் அந்த ஒரு பேச்சில் புரிந்துவிட்டது.

உங்களுக்குப் பாய் நெய்பவரைத் தெரிய வேண்டியதில்லை. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் அத்தை, மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி என்று யாராவது ஒருவர் போதும். அவர் உண்மையில் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

படி 4: எந்தச் சான்றிதழ்?

புதியவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று ஸ்க்ரம் அலையன்ஸ் என்ற அமைப்பு தரும் சி.எஸ்.எம்., அதாவது சர்ட்டிஃபைட் ஸ்க்ரம் மாஸ்டர். இதற்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரிடம் வகுப்பு முடித்தாக வேண்டும், பெரும்பாலும் இரண்டு நாள். முன்பெல்லாம் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போக வேண்டியிருந்தது, இப்போது ஆன்லைனிலும் நடக்கிறது. தேர்வு எளிது: 50 கேள்வி, 37 சரியானால் தேர்ச்சி. ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 100 டாலர் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

இன்னொன்று ஸ்க்ரம் டாட் ஆர்க் என்ற அமைப்பு தரும் பி.எஸ்.எம். 1, அதாவது புரொஃபஷனல் ஸ்க்ரம் மாஸ்டர் முதல் நிலை. வகுப்பு கட்டாயமில்லை, வீட்டிலிருந்தே எழுதலாம், காலாவதி கிடையாது. 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் வேண்டும், அதாவது 68 சரியான விடை. கட்டணம் 200 டாலர். கட்டுவதற்கு முன் அவர்கள் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இருந்து சொந்தக் காசில் படிப்பவர்களுக்கு நான் பி.எஸ்.எம். 1-ஐத்தான் சொல்வேன். உங்கள் நிறுவனம் பணம் கட்டுகிறது என்றால் சி.எஸ்.எம். வகுப்புக்குத் தாராளமாகப் போங்கள், நல்ல பயிற்சியாளர் அமைந்தால் அந்த இரண்டு நாள் வீண்போகாது. பி.எம்.ஐ. என்ற அமைப்பு தரும் ஏ.சி.பி., பி.எம்.பி. சான்றிதழ்கள் எல்லாம் வேலை அனுபவம் கேட்பவை, அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

படி 5: பயிற்சித் தேர்வு

ஸ்க்ரம் ஓப்பன் என்று ஸ்க்ரம் டாட் ஆர்க் தளத்திலேயே ஓர் இலவசத் தேர்வு இருக்கிறது. 30 கேள்வி, 30 நிமிடம். தொடர்ந்து சில முறை 100 சதவீதம் வரும்வரை எழுதுங்கள். விடையை மனப்பாடம் செய்யாமல், தவறியதற்குக் காரணம் கைடில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடிப் பிடியுங்கள்.

நான் பி.எஸ்.எம். 1-ஐ முதல் முறை எழுதியபோது எடுத்தது 80-க்கு 66. இரண்டே கேள்வியில் போயிற்று. "ஸ்பிரிண்டை நடுவில் ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு?" என்று ஒரு கேள்வி. நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில் எல்லாவற்றையும் மேனேஜர்தான் நிறுத்துவார், வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் அவர்தான். அந்தப் பழக்கத்தில் நிர்வாகம் என்று குறித்துவிட்டேன். கைடின்படி அந்த அதிகாரம் புராடக்ட் ஓனருக்கு மட்டுமே, அதுவும் ஸ்பிரிண்ட் கோல் (அந்த ஸ்பிரிண்டின் இலக்கு) பொருளற்றுப் போனால்தான். இதேபோல, டெய்லி ஸ்க்ரம் டெவலப்பர்களுக்கானது. ஸ்க்ரம் மாஸ்டரிடம் கணக்கு ஒப்பிக்கும் கூட்டமாக அதை நினைத்தால் இன்னும் இரண்டு மதிப்பெண் போகும். உங்கள் அலுவலக வழக்கத்தைத் தேர்வு முடியும்வரை ஓரமாக வையுங்கள்.

"பாஸ் ஆவது உறுதி" என்று கேள்விக் கொத்து விற்பவர்களிடம் போகாதீர்கள். அது தேர்வு விதிக்கு விரோதம். இன்டர்வியூவில் முதல் கேள்வியிலேயே தெரிந்தும்விடும்.

படி 6: தேர்வு நாள்

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே இயக்கி வையுங்கள். தேர்வு தொடங்கினால் கடிகாரம் நிற்காது. மின்தடை அறிவிப்பு இல்லாத நாளாகப் பார்த்து, லேப்டாப்பை முழுக்க சார்ஜ் செய்து, செல்போன் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்து உட்காருங்கள். ஒரு கேள்விக்கு 45 வினாடிதான். கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலக் கைடையே வாய்விட்டு வாசித்துப் பழகினால் வேகம் வரும். குழப்பமான கேள்வியைக் குறியிட்டுவிட்டு நகருங்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் திரும்பி வரலாம்.

தேர்ச்சி பெற்றதும் ரெஸ்யூமில் சான்றிதழை ஒரு வரியில் போடுங்கள். அதற்குக் கீழே நீங்கள் ஓட்டிய மூன்று ஸ்பிரிண்டையும் நாலு வரியில் எழுதுங்கள்: யாருக்காகச் செய்தீர்கள், முதல் ரிவியூவில் அவர் என்ன சொன்னார், அதனால் பேக்லாக்கில் எது மேலே போயிற்று. என் சித்தி மகளின் இன்டர்வியூவில் சான்றிதழைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார்கள். மீதி நேரமெல்லாம் கல்யாணத் தேதி ஏழாவது வரியிலிருந்து முதல் வரிக்கு வந்த கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.