மாடல் வேலைக்குச் சின்ன டேபிள் சா: வாட்டைப் பார்க்காதீர்கள், ஃபென்ஸைப் பாருங்கள்

முதலில் ஒரு கணக்கு. 100 மி.மீ. அகலப் பலகையிலிருந்து 2 மி.மீ. கீற்றுகள் எடுக்க வேண்டும். பிளேடு 1 மி.மீ. அகலத்துக்கு வெட்டினால் 33 கீற்று தேறும்; 0.5 மி.மீ. வெட்டினால் 40. தச்சர்களின் 10 அங்குல டேபிள் சாவில் (மேசைக்கு மேல் வட்டப் பிளேடு நீட்டியிருக்கும் அறுப்பு இயந்திரம்) பிளேடே கிட்டத்தட்ட 3 மி.மீ. தின்றுவிடும். கப்பல் மாடலுக்குப் பலகை அறுப்பவர்கள் சின்ன சாவைத் தேடுவது இதற்காகத்தான்.

அடுத்து, எவ்வளவு தடிமன் அறுக்கப் போகிறீர்கள்? பிராக்ஸான் கேஎஸ் 230-ல் 58 மி.மீ. பிளேடு, ஆழம் 8 மி.மீ. வரை. அதே நிறுவனத்தின் எஃப்இடி-யில் 80 மி.மீ. பிளேடு, 22 மி.மீ. வரை. பால்சா, பாஸ்வுட் தகடு மட்டும் என்றால் முதலாவது போதும். செர்ரி, பேரி மரக்கட்டையை நீங்களே கீற்றாக்குவதாக இருந்தால் முதலாவதை வாங்கிப் பின்னால் வருந்துவீர்கள்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 775 மோட்டார் (சின்ன டிசி மோட்டார்) சாக்களில் பெரும்பாலும் பிளேடு மாட்டும் அச்சு மோட்டாரிலிருந்தே நேராக வருகிறது, ஃபென்ஸ் (மரத்தை ஒட்டித் தள்ளும் வழிகாட்டிச் சட்டம்) ஒரு முனையில் மட்டும் இறுகுகிறது. மென்மரத்தைத் துண்டாக்க உதவும். ஒரே அளவில் இருபது கீற்று கேட்டால் கைவிரிக்கும்.

ஃபென்ஸைச் சோதிப்பது எளிது. பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து ஃபென்ஸ் வரை கேலிப்பரால் அளங்கள். அதே பல்லைப் பின்பக்கம் சுழற்றி மறுபடி அளங்கள். வேறு பல்லில் அளந்தால் பிளேடின் கோணல் கணக்கில் கலந்துவிடும். இரண்டும் சமமாக இருக்கலாம், பின்பக்கம் 0.05 மி.மீ. அகன்றும் இருக்கலாம். பின்பக்கம் குறுகினால் மரம் நெரிபடும், ஓரம் கருகும், கீற்று உங்களை நோக்கிப் பாயும். அளந்ததும் ஃபென்ஸைத் தளர்த்தி மீண்டும் இறுக்கி, இன்னொரு முறை அளங்கள். ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால் வாங்காதீர்கள். அதைப் பின்னால் சரிசெய்வது பெரும்பாடு.

அச்சு ஆடுகிறதா என்று பார்க்க ஒரு துண்டை அறுத்து, அந்தப் பிளவில் ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) செருகுங்கள். பற்கள் பக்கவாட்டில் வளைக்கப்படாத 0.8 மி.மீ. பிளேடு 1 மி.மீ. பிளவு போட்டால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. பிளேடையும் வாஷரையும் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பல நேரம் குற்றவாளி ஒரு துளி மரத்தூள்தான்.

பிளேடு வாங்கும்போது நடுத்துளையைக் கவனியுங்கள். பிராக்ஸானுக்கு 10 மி.மீ. துளை வேண்டும். தொழிற்சாலைகள் பயன்படுத்தும் டின் 1837 (ஜெர்மன் தரநிலை) ஸ்லிட்டிங் பிளேடுகளில் 63 மி.மீ. அளவுக்கு 16 மி.மீ., 80 மி.மீ. அளவுக்கு 22 மி.மீ. என்று துளை இருக்கும். அடாப்டர் இல்லாமல் பொருந்தாது. தவிர, அவை உலோகத்துக்கான நெருங்கிய பற்கள். மரத்தை நீளவாக்கில் அறுத்தால் தூள் அடைத்துக்கொண்டு சூடேறும். நீளவாக்குக்கு அகன்ற பல், குறுக்குவெட்டுக்கும் மெல்லிய பிளைவுட்டுக்கும் நெருங்கிய பல். ஸ்டைரீன், அக்ரிலிக் அறுப்பதென்றால் வேகத்தைக் குறைக்கும் வசதி அவசியம். இல்லையேல் பிளாஸ்டிக் உருகிப் பிளேடிலேயே ஒட்டும்.

அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் 120 வோல்ட் இயந்திரத்தை சிங்கப்பூரின் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் மோட்டார் புகையும். டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும், 60 ஹெர்ட்ஸ் இண்டக்‌ஷன் மோட்டார் இங்குள்ள 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே சுற்றும். கார்பன் பிரஷ் மோட்டாருக்கு அந்தக் கவலை இல்லை.

வீவக அடுக்குமாடி வீட்டில் சத்தத்தைவிட அதிர்வுதான் கீழ்வீட்டுக்காரரை எரிச்சலூட்டும். இயந்திரத்தைக் கனமான பலகையில் திருகி, அடியில் ரப்பர் பாய் போடுங்கள். பாம்ப் ஷெல்டரில் (வீட்டுக்குள் உள்ள பாதுகாப்பு அறை) வைத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே அறுக்காதீர்கள். தூள் வெளியேற வழியில்லை. வேக்குவம் குழாய் பொருத்தும் துளை உள்ள இயந்திரமாகப் பார்த்து வாங்குவது நல்லது. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் என்95 முகக்கவசமும் வேண்டும்.

வாங்கியவுடன் செய்ய வேண்டிய ஒன்று: பிளேடைத் தாழ்த்தி, மேசைமேல் 3 மி.மீ. பிளைவுட்டை டபுள் டேப்பால் ஒட்டி, ஓரங்களைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இயந்திரத்தை ஓடவிட்டு, கையைத் தள்ளி வைத்து, பிளேடை மெல்ல உயர்த்துங்கள். பிளேடு அளவுக்கே துளை விழும்; 1 மி.மீ. கீற்று உள்ளே விழுந்து சிக்காது. அறுக்கும்போது பிளேடு மரத்துக்கு மேல் 2, 3 மி.மீ. நீட்டினால் போதும். தள்ளுவதற்குத் தேய்ந்தால் தூக்கிப்போடக்கூடிய பிளைவுட் குச்சி. விரல் வேண்டாம், கையுறையும் வேண்டாம், பிளேடு அதைப் பற்றி இழுத்துவிடும்.

நம் ஊர் ஈரத்தில் இரும்பு மேசை சீக்கிரமே துருப்பிடிக்கும். பேஸ்ட் வேக்ஸ் தடவுங்கள், பிளேடுகளை சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் போடுங்கள். சிலிக்கான் ஸ்பிரே மட்டும் வேண்டாம். மரத்தில் ஏறினால் பிறகு பெயிண்ட் பிடிக்காது.