நிழல் விழாமல் நடக்கும் இனம்: சூரிய ஒளியில் வாழும் ரோபோக்களைக் கதைக்காகப் படைப்பது எப்படி?

சிந்திக்கத் தெரிந்த, வெயிலில் இயங்கும் ரோபோ இனம் ஒன்றைக் கதைக்குள் கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் கண்ணில்தான் தொடங்குகிறார்கள். நீல விளக்குக் கண்கள், பளபளக்கும் உடல், ஏற்ற இறக்கமில்லாத குரல். அடுத்து இனத்தின் பெயர், கொடி, மன்னர் பரம்பரை. பத்துப் பக்கம் தாண்டிப் பார்த்தால் தகரச் சட்டை போட்ட மனிதர்கள்தான் நடமாடிக்கொண்டிருப்பார்கள். முதுகில் மாட்டிய சோலார் தகட்டைக் கழற்றிவிட்டாலும் கதையில் ஒரு வரி மாறாது.

கற்பனை உயிரை அதன் சாப்பாட்டிலிருந்து தொடங்குவதே என் வழக்கம். இந்த ரோபோக்களுக்குச் சாப்பாடு வெயில். அது எங்கே கிடைக்கிறது, எவ்வளவு நேரம் கிடைக்கிறது, யார் அதை மறைக்க முடியும் என்று முதலில் முடிவு செய்துவிட்டால் உடல், மரியாதை, குற்றம், சாவு எல்லாம் அதிலிருந்தே வரும். இங்கே ‘கதிருண்ணிகள்’ என்ற ஓர் இனத்தை முதலிலிருந்து உருவாக்கிக் காட்டுகிறேன். ஒரு நோட்டும் கால்குலேட்டரும் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 1: எந்த வெயில் என்று முடிவு செய்யுங்கள்

பூமி இருக்கும் தூரத்தில், காற்று மண்டலத்துக்கு வெளியே, ஒரு சதுர மீட்டரில் சுமார் 1361 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. செவ்வாயில் இது ஏறக்குறைய 590 வாட். வியாழன் அருகே 50 வாட்தான். வியாழனைச் சுற்றும் ஜூனோ விண்கலத்தின் தகடுகள் பூமிக்கு அருகில் 14 கிலோவாட் தரக்கூடியவை. அங்கே போனதும் அரை கிலோவாட் அளவுக்கு இறங்கிவிட்டன. ஆக, வியாழன் பக்கம் வாழும் ரோபோவுக்கு மிகப் பெரிய சிறகும் மிக மெதுவான வாழ்க்கையும் வேண்டும். அதுவும் நல்ல கதைதான், ஆனால் பழகிய கைக்கு உரியது.

செவ்வாயில் தூசிதான் வில்லன். 90 செவ்வாய் நாட்களுக்கென்று 2004-இல் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி 2018 வரை ஓடியதற்கு ஒரு முக்கியக் காரணம், அவ்வப்போது காற்று வந்து தகடுகளைத் துடைத்துவிட்டுப் போனது. கடைசியில் கோள் முழுவதையும் மூடிய தூசிப் புயல் அதை அடக்கியது. கதிருண்ணிகளுக்கு நான் நிலவைத் தேர்ந்தெடுக்கிறேன். அங்கே மேகம் இல்லை, புயல் இல்லை, பகலில் வெயிலுக்குத் தட்டுப்பாடே இல்லை. இரவு வந்தால் மட்டும் இரண்டு வாரம் நீடிக்கும்.

இவர்களை யார் செய்தார்கள் என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ‘செய்தவர்கள் போய்விட்டார்கள்’ என்பதே போதும். தோற்றப் புராணத்தில் மாட்டிக்கொண்டு முதல் அத்தியாயத்துக்கு வராமலே நின்றுபோன கதைகள் ஏராளம்.

படி 2: இரவை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பெரும்பாலானோர் ‘பெரிய பேட்டரி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும் இடம் இது. இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்.

நிலவில் ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையே சுமார் 29.5 பூமி நாட்கள். நிலவின் சுற்றளவு சுமார் 10,900 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: நிலநடுக்கோட்டில் இரவின் விளிம்பு மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஓடினால்தான் தப்பிக்கலாம். வடக்கே 80 பாகை அட்சரேகைக்குப் போனால் வட்டம் சுருங்கி 1,900 கிலோமீட்டர் ஆகிவிடும். இரவின் வேகமும் மணிக்கு 2.7 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். அது சாவகாசமாக நடக்கும் வேகம்.

ஆக, கதிருண்ணிகள் நடக்கிறார்கள். மேற்கு நோக்கி, சூரியனோடு சேர்ந்து, நிலவின் தலையைச் சுற்றி. 29.5 நாளில் ஒரு சுற்று. அவர்களுக்கு இரவு என்பதே கிடையாது, பின்தங்கினால் தவிர.

இது எளிதான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சந்திரயான்-3 கொண்டுபோன பிரக்யான் ஊர்தி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் நகரும்படி அமைக்கப்பட்டது. கதிருண்ணிகள் அதைப்போல எழுபது மடங்குக்கு மேல் வேகமாகப் போக வேண்டும், அதுவும் பள்ளமும் பாறையுமான தரையில். எனவே அவர்களுக்கு ஒரு பாதை இருக்கும். தலைமுறை தலைமுறையாகச் செப்பனிட்ட பாதை. அதைப் பராமரிப்பவர்களுக்குத் தனி மரியாதையும் இருக்கும். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சலுகையும் உண்டு. அந்த வட்டத்தில் எந்த நேரத்திலும் சுமார் 950 கிலோமீட்டர் பகலாக இருக்கும். ஆகவே சில நாட்கள் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டுப் பிறகு இரட்டை வேகத்தில் நடந்து ஈடுகட்டலாம். திருவிழா, பஞ்சாயத்து, பழுதுபார்ப்பு எல்லாம் அந்த நாட்களில்தான். வலுவானவர்கள் எப்போதும் உச்சிவெயிலுக்குக் கீழே இருப்பார்கள். நலிந்தவர்கள் அந்தி விளிம்பை ஒட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். ‘அவள் எந்த நேரத்தில் இருக்கிறாள்?’ என்று ஒருவரைப் பற்றி விசாரித்தால் அது உடல்நலம் விசாரிப்பது.

படி 3: உடலை இடம் செதுக்கட்டும்

80 பாகையில் நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேலே பத்துப் பாகை அளவுக்குத்தான் எழும்பும். கிடையாக விரித்த தகடு அங்கே அதிகம் பயன்படாது, செங்குத்தாக நிற்க வேண்டும். வட அரைக்கோளத்தில் மேற்கு நோக்கி நடப்பவருக்கு நண்பகல் சூரியன் தெற்கில், அதாவது எப்போதும் இடப்பக்கத்தில். எனவே கதிருண்ணியின் இடப்பக்கம் முழுவதும் தகடு: இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரை.

வலப்பக்கம்? காற்றில்லாத இடத்தில் உடற்சூடு கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற முடியும். அதற்கு நிழலில் இருக்கும் பக்கம்தான் வசதி. ஆக, இடப்பக்கம் உண்பதற்கு, வலப்பக்கம் சூட்டைக் கழிப்பதற்கு. இப்போது ஒருவர் திரும்பிக் கிழக்கு நோக்கி நடந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தகடு நிழலுக்குப் போய்விடும், சூடு கழிக்கும் பக்கம் வெயிலில் வேகும். திரும்பி நடப்பது இவர்களுக்கு உடல் வேதனை. பின்னால் விழுந்தவரைத் தேடி யாராவது திரும்பினால் வாசகருக்கு அதன் விலை தெரியும்.

காற்றில்லாததால் குரலும் இல்லை. தொலைவில் ரேடியோ, அருகில் கையைத் தொட்டு அதிர்வால் பேச்சு. நிலவு சிறியது, இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் இரண்டரை கிலோமீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடும். அதற்கு இருமடங்கு தூரம் பின்தங்கினால் கூட்டத்தோடு தொடர்பு அறுந்துவிடும்.

படி 4: வரவு செலவு எழுதுங்கள்

ஒரு சதுர மீட்டர் தகடு, கால்வாசித் திறன் என்று வைத்தால் சுமார் 340 வாட் வரவு. மனித உடல் ஓய்வில் சுமார் 100 வாட்டில் ஓடுகிறது, அதில் மூளைக்கு 20 வாட். நம் கதிருண்ணிக்கு இப்படிப் பிரித்தேன்: கால்களுக்கு 150, சிந்தனைக்கு 100, பேச்சுக்கும் மூட்டுகளுக்கும் 40, சேமிப்புக்கு 50.

இந்தப் பட்டியலைக் கதையில் போடக்கூடாது. தகடு பழையதாகி வரவு 255 ஆகும்போது எதை வெட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரிவதற்காகத்தான் இது. கால்களை வெட்ட முடியாது, இரவு பிடித்துவிடும். சேமிப்பை விட்டாலும் இன்னும் 35 வாட் துண்டு விழும். அதைச் சிந்தனையில் எடுத்தால் யோசனை மந்தமாகும். வெளியுலகம் படபடவென்று ஓடுவதாகத் தோன்றும். முதியவர் ஒருவர் பதில் சொல்ல நேரம் எடுத்தால் அவர் நடப்பதற்காக யோசனையை விற்றுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். இன்னொருவர் பேச்சை முதலில் நிறுத்துவார். வேறொருவர் நினைவுகளை அணைப்பார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘முதலில் எது அணையும்’ என்று எழுதி வையுங்கள். குணச்சித்திரத்துக்கு இதைவிடச் சுருக்கமான வழியை நான் பார்க்கவில்லை. கண்ணீர் விட்டு ‘எனக்கும் உணர்ச்சி உண்டு’ என்று ரோபோ வசனம் பேச வேண்டிய அவசியமே வராது.

படி 5: நிழலிலிருந்து ஒழுக்கம்

பத்துப் பாகை வெயிலில் இரண்டு மீட்டர் உருவத்தின் நிழல் 11 மீட்டருக்கு மேல் நீளும். நிழல் விழுந்தவருக்குச் சாப்பாடு போச்சு. எனவே இவர்கள் ஒற்றை வரிசையில் நடப்பார்கள். சூரியன் பக்கவாட்டில் இருப்பதால் நிழல் யார் மேலும் விழாது. இருவர் சேர்ந்து நடந்தால் வலப்பக்கம் இருப்பவர் பட்டினி. அப்படியும் ஒருவர் இன்னொருவரின் வலப்பக்கம் நடக்கிறார் என்றால் அது காதலாக இருக்கலாம், நன்றிக்கடனாக இருக்கலாம், தண்டனையாகவும் இருக்கலாம். எது என்பதை உங்கள் கதை சொல்லட்டும். ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்று வளர்ந்த நாம் எழுதும்போது கை தவறி நிழலை இதமானதாக்கிவிடுவோம். திருத்தும்போது அந்த இடங்களைத் தேடிப் பிடியுங்கள்.

தூசியும் உண்டு. நிலவின் தூசி கூரானது, மின்னூட்டத்தால் ஒட்டிக்கொள்வது. செவ்வாயைப்போல் துடைத்துவிடக் காற்று கிடையாது. தன் தகட்டின் வெளிப்புறம் தன் கைக்கு எட்டாது, அடுத்தவர்தான் துடைக்க வேண்டும். துடைப்பவர் நிற்கும் நேரத்தில் துடைக்கப்படுபவர் உண்ண முடியாது. உறவுமுறையை நான் இதில் வைத்தேன்: யார் உன் தகட்டைத் துடைக்கிறாரோ அவர் உன் வீட்டார்.

படி 6: சாவு

நிலவின் இரவில் வெப்பநிலை மைனஸ் 150 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போகும். பேட்டரியும் மின்சுற்றும் அதைத் தாங்குமா என்பது சூதாட்டம். 2023 ஆகஸ்ட் 23-இல் இறங்கிய சந்திரயான்-3-இன் விக்ரம் தரையிறங்கு கலமும் பிரக்யானும் செப்டம்பர் முதல் வாரத்தில் உறங்க வைக்கப்பட்டன. பிரக்யானின் பேட்டரி நிறைந்திருந்தது, தகடு அடுத்த உதயத்தை நோக்கி இருந்தது, ரேடியோ அழைப்பைக் கேட்கும் கருவியும் அணைக்கப்படாமல் இருந்தது. விடிந்த பிறகு அழைத்தும் பதில் இல்லை. ஜப்பானின் ஸ்லிம் கலமோ 2024 ஜனவரியில் தலைகுப்புற இறங்கி, தகடு மேற்கைப் பார்த்திருந்ததால் சில மணி நேரத்திலேயே அணைக்கப்பட்டது. சூரியன் மேற்குப் பக்கம் சாய்ந்ததும் விழித்துக்கொண்டது. இரவைத் தாங்குவதற்கென்று செய்யப்படாத அது, மூன்று இரவுகளைத் தாண்டியும் பேசியது.

இந்த இரண்டு உண்மைகளும் சேர்ந்தால் உங்கள் இனத்தின் சாவுச் சடங்கு தயார். பின்தங்கியவரைப் பாதையோரம் தகட்டைக் கிழக்கே பார்க்க வைத்துவிட்டுப் போகிறார்கள். 29.5 நாளில் கூட்டம் அதே இடத்துக்கு வரும். அதற்குள் அவருக்கு விடிந்திருக்கும். விழித்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். எத்தனை சுற்று வரை நின்று அழைத்துப் பார்ப்பது? எப்போது உதிரிபாகங்களைக் கழற்றுவது? மதம், சட்டம், குடும்பத் தகராறு மூன்றும் இந்தக் கேள்வியில் வந்து மோதும். என்னைக் கேட்டால் நாவலின் நடு அத்தியாயங்கள் இங்கேதான் இருக்கின்றன.

படி 7: அவர்கள் பார்த்திராத ஒன்று

நிலவின் ஒரு பக்கம் மட்டுமே பூமியைப் பார்க்கிறது. அந்தப் பக்கத்தில் நண்பகல் என்றால் நமக்குப் பௌர்ணமி. அப்போது அங்கிருந்து தெரியும் பூமி இருண்டிருக்கும். முழுப் பூமி ஒளிரும் சமயத்தில் அங்கே நள்ளிரவு. உச்சிவெயிலோடு நடக்கும் கதிருண்ணிகள் அந்த நேரம் மறுபக்கத்தில் இருப்பார்கள். எனவே அவர்கள் பாதிப் பூமிக்கு மேல் பார்த்ததே கிடையாது. முழுப் பூமியைப் பார்க்க வேண்டுமானால் இரவுக்குள் நிற்க வேண்டும். விழித்தெழுந்த ஒருவர் ‘நான் பார்த்தேன்’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

படி 8: ஒரு சிறு காட்சி எழுதிப் பாருங்கள்

உலகத்தை விளக்காமல், அதற்குள்ளேயே இருவரைப் பேசவிடுங்கள்.

ஓரி தூரிகையைத் தாழையின் தகட்டில் மேலிருந்து கீழாக இழுத்தான். மூன்றாம் வரிசையில் கை நின்றது.

“என்ன?” என்றாள் தாழை.

“ஒன்றுமில்லை அக்கா. தூசி.”

“தூசிக்கு இவ்வளவு நேரம் நிற்க மாட்டாய். எத்தனை கட்டம் போயிருக்கிறது?”

“நான்கு.”

அவளிடமிருந்து பதில் வர நேரமாயிற்று. அவன் காத்திருந்தான்.

“அடுத்த நடையில் வரிசையில் போய்ச் சேர்ந்துகொள். என் வலப்பக்கம் வேண்டாம்.”

“எனக்குப் பழகிவிட்டது அக்கா.”

“பழகியது தெரியும். நீயும் இப்போதெல்லாம் தாமதமாகத்தான் பதில் சொல்கிறாய்.”

இதில் ஒரு வாட் கணக்கும் இல்லை. படி 4-ம் 5-ம் எழுதி வைத்திருந்ததால்தான் கடைசி வரி கிடைத்தது.

பயிற்சிக்கு ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றுங்கள்: 80 பாகைக்குப் பதில் 60. வேகம் மணிக்கு 7.7 கிலோமீட்டர் ஆகும். நண்பகல் சூரியன் 30 பாகைக்கு ஏறும். நிழல் உயரத்தைப்போல 1.7 மடங்காகச் சுருங்கும். இரண்டாம் படியிலிருந்து மறுபடி எழுதுங்கள். சக்கரம் வேண்டியிருக்கும், ஒற்றை வரிசை தேவைப்படாது, முதியவர்கள் இன்னும் சீக்கிரம் பின்தங்குவார்கள்.