மழைக்கோட்டைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள்

மார்கழி, தை அதிகாலையில் பைக் எடுப்பவர்கள் ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டின் மேல்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். தனியாக ரைடிங் ஜாக்கெட் வாங்கும் செலவு மிச்சம்.

சென்னையில் ஜனவரி விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று உடல் சூட்டை உருவிக்கொண்டே இருக்கும். கம்பளிப் பின்னலின் கண்கள் வழியாகக் காற்று நுழைந்துவிடும், மழைக்கோட்டுக்குள் நுழையாது. உள்ளே ஸ்வெட்டர் பிடித்துவைத்த வெதுவெதுப்பு அப்படியே நிற்கும். கழுத்துப் பட்டனையும் மணிக்கட்டுப் பட்டையையும் இறுக்கினால்தான் முழுப் பலன். அப்புறம், கையுறை கட்டாயம். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிப்பது தாமதமாகும்.

சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஊருக்குள் இது வேண்டாம், வியர்த்துக் கொட்டும். வியர்வையில் நனைந்த சட்டை பிறகு இன்னும் குளிரும். வெயில் ஏறியதும் கழற்றிவிடுங்கள். போகிப் புகையும் பனியும் சேர்ந்த காலையில் கறுப்பு, கருநீலக் கோட்டு பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணில் படாது. முதுகில் ஒளிரும் பட்டை இல்லாமல் போடாதீர்கள்.